காதால் ஆடிய ஆட்டம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு வைத்திருந்த பெயர் 'பொறுமை மேடம்'. இதை வீட்டில் முதல்முறை சொன்னபோது என் கணவருக்குக் காபி புரையேறி, தலையைத் தட்டி, முதுகைத் தடவி, அவர் நிதானத்துக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. அதற்கப்புறமும் "யாரு, நீயா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்கள், கூப்பிட்ட இடத்துக்கு வராத ஆட்டோக்காரர்கள், நான் துணி காயப்போட்ட நேரம் பார்த்து மாடியைக் கழுவிவிடும் மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் என் குரலைக் கேட்டிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் என் மாமியார் அவரிடம் ரகசியமாக, "பொண்ணு கொஞ்சம் வெடுக்கு வெடுக்குன்னு பேசுது இல்ல?" என்று கேட்டாராம். கொஞ்சம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

அப்படிப்பட்டவள் ஒரு சண்டை விளையாட்டில் எதிரியின் அடிகளையெல்லாம் சளைக்காமல் தடுத்து, நேரம் பார்த்துக் காத்திருந்து, ஒரே ஒரு அடி திருப்பிக் கொடுத்து ஜெயிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் கூட்டத்தில் இருந்த இருபது பேரும் நம்பினார்கள். மூன்று வருஷம் நம்பினார்கள். அதில் எனக்கு இருந்த ரகசிய சந்தோஷத்தையும், அந்த ரகசியம் என்னை நட்டாற்றில் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையையும்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என் வேலை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சின்ன மோட்டார்கள் செய்கிறோம். கடைசி மேஜை என்னுடையது. ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, காதால் கேட்டு, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். அதற்கு மெஷினும் இருக்கிறது. ஆனால் மெஷின் பச்சை விளக்கு போட்ட பிறகும் என் காது 'ம்ஹூம்' என்றால் அந்த மோட்டார் திரும்பிப் போகும். உள்ளே ஒரு பல்சக்கரம் மயிரிழை விலகியிருந்தாலும் சத்தத்தில் ஒரு சின்ன விக்கல் வரும். பதினொரு வருஷமாக அந்த விக்கலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டுப் பழக்கம் கணவரால் வந்தது. கிரிக்கெட் ஆடுவதற்காக அவர் யாரிடமிருந்தோ ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கி வந்தார். அதோடு கூடவே வந்தது சண்டை விளையாட்டு. அவர் இரண்டு நாள் ஆடிவிட்டு விரல் வலிக்கிறது என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவுடன், நாளெல்லாம் மோட்டார் கேட்ட காதுக்கு ஓய்வாக டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு, யாரையாவது நாலு சாத்து சாத்தலாம், யாரும் நம் மாமியாரிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். அடிக்கலாம். அடியைத் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நிற்பவரைக் கிட்டப் போய்ப் பிடித்துத் தூக்கி எறியலாம். தடுப்பு அடிக்குத்தான், பிடிக்குச் செல்லாது. பிடிக்க வருகிற அதே நொடியில் நாமும் பிடிக்கான பட்டன்களை அழுத்தினால் உதறித் தப்பிக்கலாம். முந்திக்கொண்டு போனால் அடி வாங்குவோம், பயந்து நின்றால் பிடிபடுவோம். எவ்வளவு போவது, எவ்வளவு நிற்பது என்பதுதான் முழு ஆட்டமும்.

கூட்டம் மல்லேஸ்வரத்தில் நடக்கும். ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை, ஞாயிறு மதியம் மூன்று மணியிலிருந்து எங்களுக்கு. நடத்துபவர் அந்த ஏரியாவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். டியூஷன் அவருடைய சித்தியினுடையது. அதனால் சுவரெல்லாம் சூத்திரங்கள். தனிம அட்டவணைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு திரை. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார்.

எங்கள் அறைக்கு மட்டும் ஒரு விசேஷமான வழக்கம் உண்டு. ஒட்டினாற்போல் இருக்கும் பக்கத்து வீட்டில் அதே நேரத்தில் வீணை வகுப்பு. ஆரம்ப நாட்களில் எங்கள் திரையிலிருந்து கிளம்பிய உறுமலும் அலறலும் சுவரைத் தாண்டிப் போய், வீணை டீச்சர் நேராக மாடியேறி வந்துவிட்டாராம். அன்று போட்ட ஒப்பந்தப்படி எங்கள் விளையாட்டின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிடுவோம். திரையில் ஒருவரை ஒருவர் ஊமையாக வெளுத்து வாங்குவார்கள். பின்னணியில் யாரோ ஒரு குழந்தை சரளிவரிசையில் ஒரே இடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் அங்கே போன முதல் மாதம் தோல்வியைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. வீட்டில் பேசுவது போலவே ஆடினேன். ஆரம்பித்த கணத்திலிருந்து பாய்ந்து பாய்ந்து அடிப்பேன். எல்லோரும் அமைதியாகத் தடுத்துவிட்டு, நான் மூச்சு வாங்கும்போது திருப்பிச் சாத்துவார்கள். அதிலும் ஒருவர் என்னை நார் நாராகக் கிழித்தார். சிவாஜிநகரில் மட்டன் கடை வைத்திருப்பவர். ஞாயிறு வியாபாரத்தை முடித்து, குளித்து, அத்தர் பூசிக்கொண்டு வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் எல்லோரையும் போல பாய் என்பேன். நாங்கள் கையில் பிடித்து ஆடும் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி அவருக்கு ஆகாது. ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த பலாமரப் பெட்டி வைத்திருந்தார். மேலே ஒரு பக்கம் கட்டை போல ஒரு கைப்பிடி, இன்னொரு பக்கம் எட்டு பட்டன்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆடினால் அறையே கேட்கும்.

ஒரு ஞாயிறு, தோற்றுத் தோற்று வெறுத்துப்போய், பாய்வதை நிறுத்தி வெறுமனே தடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கேட்டது. அவர் ஒரு பட்டனை அழுத்தினால் 'டிக்'. ஆளைப் பிடிக்க இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். அது கனமாக 'டக்'. தாவுவதற்கு முன் கைப்பிடி மூலையில் இடித்து 'க்ளக்'. பெரிய அடிக்குத் தயாராகும்போது தன்னை அறியாமல் எந்த வேலையும் இல்லாத ஒரு பட்டனை இரண்டு தரம் தட்டுவார். பலாமரம் எல்லாவற்றையும் வாங்கிப் பெரிதாக்கித் தந்தது. 'டக்' கேட்ட அதே நொடியில் என் விரல்களும் அழுத்தின. பிடியை உதறினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அரே, எப்டிக்கா?"

"சும்மா பொறுமையா இருந்தேன் பாய்," என்றேன்.

அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்களுடைய கருவிகள் அவர் பெட்டியளவுக்குப் பேசாது, ஆனாலும் ஏதாவது சொல்லும். ஒருவர் தாக்குவதற்கு முன் மூச்சை இழுப்பார். இன்னொருவரின் நாற்காலி கிறீச்சிடும். விளையாட்டின் சத்தம் இல்லாத அறையில், பதினொரு வருஷம் மோட்டார் கேட்ட காதுக்கு அது போதாதா? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைவிட உண்மையைச் சொன்னால், பொறுமைசாலி என்று இருபது பேர் என்னைப் பார்த்துச் சொல்வது தேன் குடித்த மாதிரி இருந்தது. வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இப்படியே போயிருக்கும். சென்னையில் இதே மாதிரி ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள்: அங்கே ஐந்து பேர், இங்கிருந்து ஐந்து பேர், மேடை போட்டு ஒரு சனிக்கிழமைப் போட்டி. வாராவாரம் எடுத்த புள்ளிகளைக் கூட்டி நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றோம். ஒன்று மட்டன் கடை பாய், இன்னொன்று நான். அடுத்த ஞாயிறு இருவரும் ஆட வேண்டும், முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிப்பவருக்கு இடம் என்று முடிவானது.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. எட்டாவது படிக்கும்போது திருப்பத்தூரில் எங்கள் பள்ளி கோ-கோ அணிக்கு நான் மாற்று ஆட்டக்காரி. மூன்று ஊர்களுக்கு பஸ்ஸில் போனேன், மூன்று ஊர்களிலும் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன். ஒரு தடவைகூட இறங்கச் சொல்லவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, மோட்டார், கல்யாணம். ஒரு ஊருக்காக இன்னொரு ஊரில் போய் ஆடுவது என்பது என் வாழ்க்கையில் திரும்ப வராது என்றே நினைத்திருந்தேன். இப்போது வந்து வாசலில் நிற்கிறது. பாயின் பெட்டிதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுமே, கடைசியாக ஆடிய ஏழில் ஆறு நான்தான் ஜெயித்திருக்கிறேன் என்ற தைரியத்தில், சூப்பர்வைசரிடம் சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். கேன்டீனில் ஒரு மேஜை முழுக்க, "சென்னைக்குப் போறேன், மேட்ச்சு" என்று அலட்டிக்கொண்டும் விட்டேன்.

அந்த ஞாயிறு பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறும்போது, சோதனை மேஜையில் என் பையைத் திறந்து பார்த்த பெண், கைக்குட்டையில் சுற்றியிருந்த கருவியை எடுத்து, "ஏனு மேடம் இது?" என்றார். "கேம் ஆடோதக்கே", ஆடுவதற்குத்தான், என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீவா?" என்றார், நீங்களா என்று. என் கணவரின் அதே தொனி. இன்னொரு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று சிரித்துக்கொண்டே போனேன், அவ்வளவு நல்ல மனநிலை.

அறையில் நடத்துபவர் கையில் ஒரு தாள் இருந்தது. அணிக்கு டி-ஷர்ட் அடிக்க அன்று சாயங்காலத்துக்குள் அளவு சொல்ல வேண்டும். நான்கு அளவுகள் எழுதி, ஐந்தாவது வரி காலியாக இருந்தது. பாய் எக்ஸ்எல், நான் மீடியம். அந்தக் காலி வரியையே பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் வீணை தொடங்கியது. பாய் பெட்டியை மடியில் வைத்தார். ஆட்டம் ஆரம்பம்.

கேட்கவில்லை.

முதலில் எனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் விரல்கள் ஓடுகின்றன, பெட்டி வாயே திறக்கவில்லை. நான் 'டக்'குக்காகக் காத்திருந்தேன். அவர் என்னைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். எழுந்து மறுபடி காத்திருந்தேன், மறுபடி போட்டார். ஆறு தடவை. ஒன்றுக்கு சைபர்.

"பாய், உங்க பொட்டிக்கு என்னாச்சு?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் முகம் பூரித்துப்போனது. மூன்று மாதத்துக்கு முன்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. "பாப்பா முழிச்சிக்குதுக்கா இந்த சத்தத்துக்கு. வூட்டுக்காரம்மா சொல்ட்டாங்க, ஒண்ணு பொட்டி இருக்கணும், இல்ல நானு இருக்கணும்னு. அதான் சத்தம் வராத பட்டனா பாத்து மாத்திட்டேன். உள்ள பூரா ஸ்பான்ஜு. தட்டிப் பாருங்க, சும்மா மெத்த மாரி கீது!"

தட்டிப் பார்த்தேன். மெத்தை மாதிரிதான் இருந்தது. ஒரு பச்சைக் குழந்தையின் மேல் யாராவது கோபப்பட முடியுமா? அன்று நான் பட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் காதைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். "என்னாக்கா, கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். கேட்டுக்கொண்டே தூக்கிப் போட்டார். மூன்றுக்கு சைபர்.

தண்ணீர் குடிக்க எழுந்தேன். நடத்துபவர் வந்தார். "ஏனாய்த்து மேடம்? இது உங்க ஆட்டமே இல்லியே. ஸ்வல்ப பொறுமையா இருங்க, அதானே உங்க பலம்." இன்னும் இரண்டு ஆட்டம் போனால் ஐந்தாவது வரியில் எக்ஸ்எல் என்று எழுதிவிடுவார். திங்கட்கிழமை கேன்டீனில் அந்த மேஜையை எப்படித் தாண்டிப் போவேன் என்று நினைத்தபோது கண் கலங்கியது. அவமானமாக இருந்தது. தோற்பதைவிட, மூன்று வருஷமாக எனக்கு ஆட்டமே தெரிந்திருக்கவில்லை என்பது அவமானமாக இருந்தது. பொறுமையாம், பொறுமை! காது இல்லாவிட்டால் நான் வெறும் மூட்டை.

கலக்கம் எனக்கு நீண்ட நேரம் தாங்காது. கோபமாக மாறிவிடும். அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியவில்லை என்றால், அவர் எதையும் செய்வதற்கு நேரம் கொடுக்காமல் இருந்தால் போயிற்று என்று தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ் வாசலில் நிற்பவனைப் பார்ப்பது போல அவருடைய ஆளைப் பார்த்தேன். ஆரம்பித்ததும் பாய்ந்தேன். அவர் தடுத்தார். விடாமல் அடித்தேன். பொறுமை மேடம் இப்படி வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி மூலைக்குப் போய் மாட்டிக்கொண்டார். மூன்றுக்கு ஒன்று. அடுத்ததும் அதே வேகம். மூன்றுக்கு இரண்டு. பின்னால் நின்றவர்கள் "ஏய், ஏய்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்றுக்கு மூன்று. எனக்குக் கன்னமெல்லாம் சூடு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மூன்று வருஷமாகக் கையைக் கட்டி வைத்திருந்தவளுக்கு அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் பாய் லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்டாவது வயதிலிருந்து கத்தி பிடித்தவர், எங்கே கை வைப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர். நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று புரிந்துகொண்டார். பின்வாங்குவதை நிறுத்தி உட்கார்ந்து தடுத்தார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் சாவகாசமாக ஒன்று வைத்தார். முதல் மாதத்தில் வாங்கிய அதே அடி. நான்குக்கு மூன்று. இன்னும் ஒன்று போனால் முடிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என் கணவர் ஞாபகம் வந்தது. வீட்டில் நான் கத்தினால் அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார். கத்திக்கொண்டே இருந்தால் படித்துக்கொண்டே இருப்பார். கத்துவதைப் பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டால் மட்டும் பேப்பரை இறக்கி, பயந்துபோய்ப் பார்ப்பார். அப்புறம் எழுந்து வந்து, "இப்ப என்னா பண்ணனும்னு சொல்லு" என்பார். பத்து வருஷமாக இதைத்தானே வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன்? ஆடத் தெரியாது என்று யார் சொன்னது?

எட்டாவது ஆட்டத்தில் பாய்ந்தேன், இரண்டு அடி அடித்தேன், நிறுத்தினேன். கையை எடுத்துவிட்டு ஒரு எட்டுத் தள்ளி சும்மா நின்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் ஒரு உதை விட்டார். அதைத் தடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி பாய்ந்தேன், மறுபடி நின்றேன். இந்த முறை அவர் உதைக்கவில்லை, நானே போய் அடித்தேன். காதை எங்கோ விட்டுவிட்டு அவருடைய ஆளின் தோளை, காலை, அவர் எப்போது தயங்குகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்குக்கு நான்கு.

கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரு அடி தாங்குகிற அளவு உயிர்தான் மிச்சம். பாய்ந்து போய் இரண்டு அடி கொடுத்தேன், தடுத்துவிட்டார். நிறுத்தினேன். சரியாக அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வீணையும் நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் அவர் ஆள் கைகளை முகத்துக்கு முன் வைத்துக்கொண்டு, அசையாமல், என் அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக நான் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. நான் நடந்து போனேன். ஓடவில்லை, நடந்தேன். போய்ப் பிடித்துத் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட கூச்சல் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நாற்காலி கவிழ்ந்தது. பாய் பெட்டியோடு எழுந்து நின்று, "வாரே வா!" என்று கத்தினார். சுவரில் இருந்து தொம் தொம் என்று இடி விழுந்தது, வீணை டீச்சர். விளையாட்டின் சத்தத்தை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்துக் காப்பாற்றிய ஒப்பந்தத்தை என் ஒரு தொண்டை காலி பண்ணிவிட்டது. நடத்துபவர் மன்னிப்புக் கேட்கப் படியிறங்கி ஓடினார்.

அவர் திரும்பி வந்ததும் கீழே போய், தெருமுனைக் கடையில் நின்றபடியே எல்லோரும் காபி குடித்தோம். நடத்துபவர் தாளை எடுத்து ஐந்தாவது வரியில் மீடியம் என்று எழுதினார். "முதுகுல பேரு போடணும் மேடம். 'பொறுமை'ன்னே போட்டுடலாமா?"

அதுவரை வானத்தில் மிதந்துகொண்டிருந்தவள் தரைக்கு வந்தேன். அந்த வார்த்தையை முதுகில் சுமந்துகொண்டு சென்னை மேடையில் நிற்பதை நினைத்தால் உடம்பு கூசியது. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். என் வாய் எப்போது அளவோடு நின்றிருக்கிறது? முழுவதையும் சொல்லிவிட்டேன். டிக், டக், க்ளக், மூச்சு, நாற்காலி, மோட்டார் எல்லாவற்றையும்.

பிறகு ஒருவர், "அப்ப மூணு வருஷமா எடுத்த பாயின்ட்டு?" என்றார். இன்னொருவர், "சமமா வந்ததே அந்தப் பாயின்ட்டாலதானே?" என்றார். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நடத்துபவர் பேனாவை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெரிய போட்டிகளில் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் கொடுப்பதே இதற்காகத்தான், நமக்குத்தான் அது தோன்றவில்லை, வீணைக்குப் பயந்து சத்தத்தை நிறுத்தியதோடு சரி என்று மெதுவாகச் சொன்னார். கையில் இருந்த காபி ஆறிப்போனது. இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். செருப்புக்குக் காவல் இருந்த பெண் மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

பாயின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. டம்ளரைக் கல்மேல் வைத்துவிட்டு, நடைபாதையில் குந்தி உட்கார்ந்து சிரித்தார்.

"அல்லா! நான் வூட்ல போய் சொல்லிக்கீறேன்கா, அந்த அக்கா மனசுல இருக்கறத அப்டியே படிக்குதுன்னு! உங்க முன்னாடி உக்காந்தா வேற நெனப்பே வரக்கூடாதுன்னு மனசுக்குள்ளயே கணக்கு வாய்ப்பாடு சொல்லிக்கினு ஆடுவேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடத்துபவரைப் பார்த்தார். "பழசெல்லாம் வுடுங்க சார். இன்னிக்கி என் பொட்டி பேசுச்சா? பேசல. காதே இல்லாமதான அக்கா என்ன அடிச்சிது? மூணுக்கு சைபர்லேர்ந்து. அப்பறம் இன்னா பேச்சு? எழுதுங்க."

"உங்களுக்குப் போக வேணாமா பாய்?" என்றேன்.

"வேணும்தான். ஆனா சனிக்கிழம கடைய வுட்டுட்டு, பாப்பாவையும் வுட்டுட்டு வந்தா, பொட்டியோட சேத்து என்னையும் வெளிய வெச்சிடுவாங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது இன்னாக்கா, ரெண்டு தரம் தட்டுவேன்னீங்களே? நெஜமாவா தட்றேன்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்பான்ஜையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய பட்டன்களோடு வந்தார். பெட்டியை இனி எங்கள் அறையிலேயே வைத்துவிடுவதாக வீட்டில் ஒப்பந்தமாம். "சென்னைல ஹெட்ஃபோன் போடுவாங்கோ. உங்க காத மறக்கடிக்கணும்," என்றார். ஆட்டம் தொடங்கியதும் 'டக்' கேட்டது. என் விரல்கள் பழக்கத்தில் உதற அழுத்தின. அவர் பிடிக்கவே வரவில்லை. வேலையில்லாத இரண்டு பட்டனை வேண்டுமென்றே தட்டிவிட்டு, ஏமாந்து நின்றவளைச் சாவகாசமாக உதைத்தார். அன்று தொடர்ந்து ஒன்பது ஆட்டம் பொய்ச் சத்தத்தால் தோற்றேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

டி-ஷர்ட்டும் வந்தது. முதுகில் கொட்டை எழுத்தில் 'காது' என்று இருந்தது. யார் வேலை என்று கேட்டதற்கு இருபது பேரும் தனிம அட்டவணையைப் பார்த்தார்கள்.

சென்னையில் பெயரைக் கூப்பிட்டபோது கால் தானாக எழுந்துவிட்டது. மேடையில் நாற்காலி, எதிரே வெளிச்சம். தலையில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். விளையாட்டின் இரைச்சலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஊமையாகப் பார்த்தவளுக்கு என் ஆள் இப்படியெல்லாம் கத்துவாள் என்பதே அன்றுதான் தெரிந்தது. என்னை மாதிரியே இருந்தாள். மூன்று ஆட்டம் ஆடினேன், ஒன்றில் ஜெயித்தேன். கடைசியில் எங்கள் அணி தோற்றது. மேடையிலிருந்து இறங்கியவுடன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"எப்டி இருந்துச்சு?" என்றார் கணவர். "பொறுமையா ஆடினியா?"

"ஆடினேங்க," என்றேன். "நடுநடுவுல."